ஹாம் ரேடியோவில் பெயருக்குப் பதிலாகச் சொல்லும் எழுத்துகள் என்ன?

கேள்வி: ஹாம் ரேடியோவில் பேசுகிறவர்கள் பெயரைச் சொல்லாமல் 'வி.யூ.2' என்று தொடங்கி ஏதோ எழுத்துகளைச் சொல்கிறார்களே, அது என்ன? யார் கொடுப்பது? நமக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளலாமா?

ஹாம் ரேடியோ என்பது லைசென்ஸ் வாங்கிய தனிநபர்கள் பொழுதுபோக்காக ரேடியோவில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது, அப்படிப் பேசுகிறவர்களையும் ஹாம் என்போம். நீங்கள் கேட்கும் எழுத்துகளுக்குக் கால்சைன் என்று பெயர். அழைப்புக்குறி என்ற தமிழ்ச்சொல் உண்டு, ஆனால் பேச்சில் எங்களுக்கு கால்சைன்தான். எனக்கும் பல வருடங்களாக ஒன்று இருக்கிறது. அதை முழுதாக இங்கே எழுதவில்லை, ஏனென்றால் கால்சைன் தெரிந்தால் வீட்டு முகவரி வரைக்கும் தேடி எடுத்துவிடலாம். கடைசி எழுத்தை மட்டும் சொல்கிறேன்: பி.

எந்தப் பி? ஆங்கிலத்தின் B, P இரண்டையும் தமிழில் எழுதினால் ஒரே பிதான். பேசும்போது வித்தியாசம் உண்டு, ஆனால் இரைச்சலில் அதுவும் கரைந்துபோகும். லைசென்ஸ் வாங்கிய முதல் வருடம், ஒரு ராத்திரி 14 மெகாஹெர்ட்ஸில் ஜப்பான் நிலையம் ஒன்று கிடைத்தது. மொட்டை மாடியில் கட்டிய வெறும் ஒயர் ஆன்டெனாவில் என் குரல் அவ்வளவு தூரம் போனதே எனக்குப் பெரிய விஷயம். அவர் கடைசி எழுத்தை மறுபடி கேட்டார். நான் அவசரத்தில் "பி, பழனியில் வரும் பி" என்று எங்கள் ஊர் நண்பர்களிடம் சொல்கிற மாதிரியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். ஜப்பான்காரருக்குப் பழனி எப்படித் தெரியும்? "ரோஜர்", அதாவது கிடைத்தது, என்றார், முடிந்தது.

பேசியதற்குச் சாட்சியாக ஹாம்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் அட்டைக்கு கியூ.எஸ்.எல். கார்டு என்று பெயர். பல மாதம் கழித்து எனக்கு ஓர் உறை வந்தது. அனுப்பியவர் ஜப்பான்காரர் இல்லை, வேறு மாநிலத்து ஹாம். கடைசி எழுத்து ஒன்றைத் தவிர அவர் கால்சைனும் என்னுடையதும் ஒன்று. உள்ளே அந்தக் கார்டு. தேதி, நேரம், அலைவரிசை, என் சிக்னல் எப்படி இருந்தது என்ற குறிப்பு எல்லாம் சரியாக இருந்தன. கடைசி எழுத்து மட்டும் இன்னொரு பி. அதை அவர் பென்சிலில் மெல்ல வட்டமிட்டு, 'அன்று நான் ரேடியோ போடவே இல்லை, இது உங்களுடையதாக இருக்கலாம்' என்று எழுதியிருந்தார். அந்தக் கார்டு இன்றும் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

இதற்காகத்தான் A-க்கு ஆல்ஃபா, B-க்கு பிராவோ, C-க்கு சார்லி என்று எழுத்துக்கு ஒரு சொல்லாக ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் P-க்கு பாப்பா. வெவ்வேறு தாய்மொழிக்காரர்களிடம் சோதித்துப் பார்த்து 1956-ல் விமானப் போக்குவரத்துக்காக நடைமுறைக்கு வந்தது. பிராவோவும் பாப்பாவும் எந்த இரைச்சலிலும் குழம்பாது, டெல்டாவும் டேங்கோவும் அப்படியே. அந்தக் கார்டு வந்த நாளிலிருந்து நான் 'பாப்பா'தான். பழனியை உள்ளூர் நண்பர்களோடு நிறுத்திக்கொண்டேன்.

சரி, முன்னால் வரும் 'வி.யூ.' என்ன? நம் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல் வருவதைப் போல, கால்சைனுக்கு முன்னால் நாட்டின் இனிஷியல் வருகிறது. எந்த நாட்டுக்கு எந்த எழுத்து என்பது பன்னாட்டு ஒப்பந்தம். இந்தியாவுக்கு வி.டி. முதல் வி.டபிள்யூ. வரை ஒரு வரிசை, ஏ.டி. முதல் ஏ.டபிள்யூ. வரை இன்னொன்று, 8டி முதல் 8ஒய் வரை மற்றொன்று. ஹாம்களுக்கு வழக்கமாகத் தருவது வி.யூ. மற்றவற்றை விசேஷ நாட்களுக்கான தற்காலிகக் கால்சைன்களில் கேட்கலாம். நம் விமானங்களின் வாலருகே 'வி.டி.' என்று எழுதியிருக்கிறதே, அதுவும் இதே வரிசையில் வந்ததுதான். அது 'வைஸ்ராய்ஸ் டெரிட்டரி', அடிமைச் சின்னம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கதை அடிக்கடி சுற்றுகிறது. அப்படிப் பார்த்தால் எங்கள் வி.யூ.வுக்கு என்ன விரிவு சொல்வார்கள்? ரேடியோ வரிசையில் இந்தியாவுக்கு விழுந்த முதல் இரண்டெழுத்து அது, அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் நாட்டு இனிஷியல் என்ற ஏற்பாடே இல்லை. 1912-ல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் கால்சைன் எம்.ஜி.ஒய். உதவிக்கு ஓடிவந்த கார்பேத்தியாவுடையது எம்.பி.ஏ. அந்த 'எம்' எந்த நாட்டையும் குறிக்கவில்லை, கப்பலில் கருவி வைத்த மார்க்கோனி நிறுவனத்தைக் குறித்தது. அந்த வருடமே லண்டனில் கூடிய மாநாட்டுக்குப் பிறகுதான் எழுத்துகளை நாடுவாரியாகப் பங்கு போடுவது ஒழுங்குக்கு வந்தது. அதுவும் ஹாம்களுக்கு உடனே எட்டவில்லை. 1921 வாக்கில் இந்தியாவின் முதல் ஹாம்களில் ஒருவரான அமரேந்திர சந்திர குப்துவின் கால்சைன் வெறும் 2ஜே.கே. அதே காலத்தில் பிரிட்டனிலும் 2 என்று தொடங்கும் கால்சைன்கள் புழங்கின. சிக்னல் பக்கத்து ஊரைத் தாண்டாதவரை பிரச்சினை இல்லை. சிற்றலை கடல் தாண்ட ஆரம்பித்ததும், கூப்பிடுவது எந்த நாட்டு 2 என்று தெரியாமல் போனது. அதனால்தான் ஹாம்களுக்கும் நாட்டு எழுத்து தேவைப்பட்டது. இன்றைய வரிசைக்கு அடித்தளம் 1927-ல் வாஷிங்டனில் நடந்த மாநாடு.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் சிங்கப்பூர் ஹாம்கள் வி.எஸ்.1, மலாயாக்காரர்கள் வி.எஸ்.2, இலங்கைக்காரர்கள் வி.எஸ்.7. விடுதலைக்குப் பின் அந்த நாடுகளுக்குச் சொந்த எழுத்துகள் கிடைத்தன. சிங்கப்பூர் 9வி1, மலேசியத் தீபகற்பம் 9எம்2, இலங்கை 4எஸ்7. கடைசி எண்ணைக் கவனியுங்கள்: 1, 2, 7. எழுத்து மாறியது, எண்ணை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டார்கள். 7 மெகாஹெர்ட்ஸில் யாழ்ப்பாணத் தமிழ் பேசும் ஒரு குரல் 'ஃபோர் சியேரா செவன்' என்று தொடங்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழைய 7 நினைவுக்கு வரும்.

நம் நாட்டில் அந்த எண்ணுக்கு வேறு பொருள், அது லைசென்ஸின் தரத்தைச் சொல்கிறது. வி.யூ.2 என்றால் ஜெனரல் கிரேடு, வி.யூ.3 என்றால் ரெஸ்ட்ரிக்டட் கிரேடு. காஷ்மீரிலும் வி.யூ.2 உண்டு, கன்னியாகுமரியிலும் உண்டு, எண்ணைப் பார்த்து ஊரைச் சொல்ல முடியாது. தீவுகள் மட்டும் விலக்கு: அந்தமான் நிக்கோபாருக்கு வி.யூ.4, லட்சத்தீவுக்கு வி.யூ.7. எண்ணுக்கு அப்புறம் வரும் இரண்டு அல்லது மூன்று எழுத்துதான் ஆளுக்குச் சொந்தம். ராஜீவ் காந்தி வி.யூ.2ஆர்.ஜி. ஜோர்டான் மன்னர் ஹுசைன் ஜே.ஒய்.1. மன்னரானாலும் மைக்கைப் பிடித்தால் அடையாளம் சொல்லித்தான் ஆக வேண்டும். அமெரிக்காவில் பேச்சின் முடிவிலும், நீண்ட பேச்சாக இருந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறையும் சொல்லியாக வேண்டும் என்று விதியே இருக்கிறது.

சொல்லும் முறையிலும் ஓர் ஒழுங்கு உண்டு. பள்ளியில் கடிதம் எழுதும்போது அனுப்புநர் முதலில், பெறுநர் பிறகு என்று படித்தோம் அல்லவா, ரேடியோவில் அது தலைகீழ். கூப்பிடப்படுகிறவரின் கால்சைன் முதலில், நம்முடையது கடைசியில். காரணம் எளிது. தன் பெயர் காதில் விழுந்த பிறகுதான் ஒருவர் பென்சிலை எடுக்கிறார், அப்புறம் வருவதைத்தான் எழுதிக்கொள்கிறார். எழுத்துகளைக் குறுகிய, நீண்ட ஒலிகளாகத் தட்டி அனுப்பும் மோர்ஸில் இரண்டுக்கும் நடுவே 'டி.இ.' என்று தட்டுவோம். 'இடமிருந்து' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் அது. யாராக இருந்தாலும் வாருங்கள் என்று பொதுவாக அழைக்க 'சி.கியூ.'

கால்சைனின் உயிர் மோர்ஸில்தான் இருக்கிறது என்பேன். வி.யூ.2 என்பதை வாயால் சொல்லிப் பாருங்கள்: டி-டி-டி-டா, டி-டி-டா, டி-டி-டா-டா-டா. மூன்றுமே சின்ன ஒலியில் தொடங்கி நீண்ட ஒலியில் முடிகின்றன. ஒரு தாளக்கட்டு தானாக வந்துவிடுகிறது. பழகிய காதுக்கு இது எழுத்து எழுத்தாகக் கேட்காது, ஒரே சொல்லாகக் கேட்கும்.

எங்கள் காலை நெட்டில் ஒரு பெரியவர் இருந்தார். நெட் என்பது குறித்த நேரத்தில் ஒரே அலைவரிசையில் பலர் கூடுவது. நடத்துகிறவர் பள்ளி வருகைப்பதிவு போல ஒவ்வொரு கால்சைனாகக் கூப்பிடுவார். இந்தப் பெரியவர் ரயில்வேயில் தந்தி அனுப்பியே தலை நரைத்தவர். 2-இன் கடைசி 'டா'வை மட்டும் ஒரு இழுப்பு இழுப்பார். அவருடைய சொந்த எழுத்துகள் வருவதற்கு முன்பே, அந்த இழுப்பைக் கேட்டதும் யார் என்று தெரிந்துவிடும். அவர் இறந்த செய்தி வந்த மறுநாள், நெட் நடத்தியவர் வழக்கமான இடத்தில் அவர் கால்சைனைக் கூப்பிட்டார். காத்திருந்தார். மறுபடி கூப்பிட்டார். மூன்றாவது முறையும் இரைச்சல் மட்டும்தான். பிறகு "சைலன்ட் கீ" என்று மட்டும் சொல்லி அடுத்த கால்சைனுக்குப் போனார். இறந்த ஹாமை உலகம் முழுக்க அப்படித்தான் சொல்வார்கள். அன்று காலை டீ ஆறிப்போகும்வரை நான் செட்டின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

இதனாலேயே சிலர் அவசரத்தில் கடைசி இரண்டெழுத்தை மட்டும் கத்திவிட்டுக் காத்திருப்பது எனக்குப் பிடிப்பதில்லை. கூட்டம் அதிகமாக இருக்கும்போது நேரம் மிச்சம் என்பார்கள். உண்மையில் மிச்சமாவதில்லை, மீதியைக் கேட்டு வாங்க இன்னொரு சுற்று போகும். முழுக் கால்சைனையும் சொல்லிப் பழகுங்கள் என்றுதான் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வேன்.

நான் ஹாம் ஆனதற்கே ஒரு கால்சைன்தான் காரணம். 2004 டிசம்பர் தொடக்கத்தில் பாரதி பிரசாத், வி.யூ.2ஆர்.பி.ஐ., ஒரு குழுவோடு போர்ட் பிளேருக்குப் போய் வி.யூ.4ஆர்.பி.ஐ. என்ற கால்சைனில் ஒலிபரப்பத் தொடங்கினார். பல வருடங்களாக அந்தமானிலிருந்து ஹாம் குரலே கேட்காததால், உலகமெங்கும் ஆயிரக்கணக்கானோர் அந்த வி.யூ.4-ஐப் பிடிக்க வரிசையில் நின்றார்கள். டிசம்பர் 26-ல் சுனாமி வந்தது. தொலைபேசிகள் செத்துப்போன நேரத்தில் அதே குழு, அதே கருவிகளோடு, தீவில் இருப்பவர்களின் செய்திகளை வெளியே அனுப்ப ஆரம்பித்தது. நம் கடற்கரையும் அழுதுகொண்டிருந்த நாட்கள் அவை. எத்தனை வதந்திகள் என்று உங்களுக்கே நினைவிருக்கும். ஆனால் ரேடியோவில் வந்த செய்திக்கு முன்னால் ஒரு கால்சைன் இருந்தது. சொல்கிறவர் யார், எங்கிருந்து சொல்கிறார் என்பது முதல் சொல்லிலேயே தெரிந்தது. அதை நாளிதழில் படித்துவிட்டுத்தான் நான் தேர்வுக்கு விசாரிக்கப் போனேன்.

உங்கள் மற்ற கேள்விகளுக்கு வருகிறேன். இந்தியாவில் கால்சைன் தருவது தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசைகளைக் கவனிக்கும் டபிள்யூ.பி.சி. பிரிவு. முதலில் தேர்வு எழுதித் தேற வேண்டும். அடிப்படை எலக்ட்ரானிக்ஸும் விதிமுறைகளும் கேட்பார்கள், ஜெனரல் கிரேடுக்கு மோர்ஸும் உண்டு. பன்னிரண்டு வயது நிரம்பிய பிள்ளைகள்கூட எழுதலாம். விரும்பிய எழுத்துகளை விண்ணப்பத்தில் குறிப்பிடலாம், வேறு யாரிடமும் இல்லாவிட்டால் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் எஸ்.ஓ.எஸ். மாதிரி அபாயக் குறிகளோ, கியூ என்று தொடங்கும் சங்கேதச் சொற்களோ பொதுவாகக் கிடைக்காது. ஆபத்து நேரத்தில் குழப்பம் வந்துவிடக் கூடாதே. பெயரின் முதலெழுத்துகளைக் கேட்பவர்கள்தான் அதிகம். நான் சொல்வது, கேட்பதற்கு முன் அதை மோர்ஸில் தட்டிப் பாருங்கள், இரைச்சலில் வாயால் சொல்லியும் பாருங்கள். இருபது வருடம் அதைச் சொல்லப் போகிறீர்கள்.

லைசென்ஸ் இல்லாமலே கேட்டுப் பார்க்க வேண்டுமானால், வெப்.எஸ்.டி.ஆர். என்ற இணைய ரேடியோக்கள் இருக்கின்றன. யாரோ ஒருவர் தன் ஆன்டெனாவை இணையத்தில் திறந்து வைத்திருப்பார், உலாவியிலேயே திருப்பிக் கேட்கலாம். 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போங்கள். எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்துகளைக் குறித்துக்கொண்டே வாருங்கள். ஜே.ஏ. என்றால் ஜப்பான், டி.எல். என்றால் ஜெர்மனி, ஜி என்றால் இங்கிலாந்து. 'விக்டர் யூனிஃபார்ம்' என்று கேட்டால் நம் ஆள்.