மலையில்லா நடை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கடலோரச் சதுப்பு நிலங்களில் நடப்பதைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரிதான் எழுதினேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: நான் மலையேறுபவன். மேடு பள்ளமே இல்லாத 20 கிலோமீட்டருக்கு நண்பன் அழைக்கிறான். இதையெல்லாம் நடை என்று சொல்ல முடியுமா?

போய்விட்டு வந்து நீங்களே சொல்லுங்கள். மலையில் ஏறும்போது ஒரு தசை உழைக்கும், இறங்கும்போது வேறொன்று உழைக்கும். மூச்சு வாங்கினால் நிற்க ஒரு சாக்கும் கிடைக்கும். சமதரையில் ஒரே மாதிரி அடிதான், காலையிலிருந்து மாலைவரை அதே மூட்டு, அதே குதிகால். நிழல் கிடையாது. எதிர்க்காற்று அடித்தால் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்கும், மறைய ஒரு பாறைகூட இருக்காது.

இதைவிடப் பெரிய தொல்லை கண்ணுக்கு. தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் கண் இருப்பவருக்குத் தொடுவானம் ஏறத்தாழ நாலரை கிலோமீட்டரில் இருக்கிறது. அது ஒரு மணி நேர நடை. கோபுரமோ கலங்கரை விளக்கமோ என்றால் அதற்கும் அப்பாலிருந்தே தலைகாட்டிவிடும். எவ்வளவு நடந்தாலும் அது பெரிதாகாது. மலைக்காரர்கள் பொறுமை இழப்பது இங்கேதான், நான் பார்த்திருக்கிறேன். போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பார்த்து நடக்காதீர்கள். அடுத்த மதகு, அடுத்த வேலி, அடுத்த வளைவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓத அட்டவணையை (கடல்நீர் ஏறி இறங்கும் நேரப் பட்டியலை) பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்கிறார்கள். கரையோரமாகத்தானே நடக்கப் போகிறேன், தண்ணீர் ஏறினால் கொஞ்சம் உள்ளே தள்ளி நடந்தால் போதாதா?

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் நேற்றைய நேரம் இன்று ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் அதிகம் ஏறும், அதிகம் வற்றும். அரை நிலா நாட்களில் இரண்டும் குறைவு. இது பலருக்கும் தெரியும். தெரியாதது, தாழ் ஓதத்திலிருந்து உயர் ஓதம் வர ஆகும் சுமார் ஆறு மணி நேரத்தில் தண்ணீர் ஒரே சீராக ஏறுவதில்லை என்பது. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்துக்கொண்டால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நாலாவதிலும் மும்மூன்று, அப்புறம் இரண்டு, ஒன்று. கடலோடிகள் வைத்திருக்கும் இந்த மனக்கணக்கு எல்லாக் கரைக்கும் அச்சாகப் பொருந்தாது. ஆனால் முதல் மணியைப் பார்த்து ‘மெதுவாகத்தானே வருகிறது’ என்று உட்கார்ந்துவிடக் கூடாது என்பதை இது நன்றாகவே காட்டிவிடுகிறது.

இதோடு தரையின் சாய்வைச் சேருங்கள். ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் சாயும் வெளி கண்ணுக்குத் தட்டையாகத்தான் தெரியும். மொத்த ஏற்றம் 4 மீட்டர் என்றால், நடு மணியில் தண்ணீர் ஒரு மீட்டர் உயரும். அதாவது அந்த ஒரு மணியில் விளிம்பு ஒரு கிலோமீட்டர் உள்ளே வந்துவிடும். முழங்கால் சேற்றில் உங்கள் வேகமும் கிட்டத்தட்ட அதுதான். எல்லாக் கடலும் இப்படி இல்லை. கோடியக்கரைப் பக்கம் ஏற்றம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். இங்கிலாந்தின் மோர்கம் விரிகுடாவிலோ பெரிய ஓதங்களில் பத்து மீட்டரைத் தொடும்.

‘உள்ளே தள்ளி நடப்பது’ என்றீர்களே, அதுதான் நடக்காது. தண்ணீர் உங்களுக்கு முன்னாலிருந்து மட்டும் வருவதில்லை. ஓடைகள் தாழ்வாக இருப்பதால் முதலில் அவைதான் நிரம்பும். நீங்கள் காலையில் தாண்டி வந்த ஓடை உங்கள் முதுகுக்குப் பின்னால் நிரம்பிக்கொண்டிருக்கும், நீங்களோ முன்னால் உலர்ந்து கிடக்கும் சேற்றுவெளியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். 2004 பிப்ரவரியில் மோர்கம் விரிகுடாவில் இரவில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர்கள் 20-க்கும் மேற்பட்டோர் ஓதத்தில் மாட்டி உயிரிழந்தார்கள். அங்கே மணலைக் கடக்க 16ஆம் நூற்றாண்டிலிருந்தே அரசு நியமித்த வழிகாட்டி இருக்கிறார். ஓடைகள் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் நேற்றைய வழியை அவரே இன்று நம்புவதில்லை.

ஒன்று மறந்துவிட்டேனே, அட்டவணை காற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. கடலிலிருந்து பலத்த காற்று வீசினாலும், காற்றழுத்தம் குறைந்தாலும் தண்ணீர் சொன்னதைவிட மேலே வரும். அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறைந்தால் சுமார் ஒரு சென்டிமீட்டர் என்பது கணக்கு. அட்டவணையில் போட்டிருக்கும் நேரம் எந்தத் துறைமுகத்துக்கு என்பதையும் பாருங்கள்.

கேள்வி: வரைபடத்தில் எதிர்க்கரை ஒரு கிலோமீட்டர். போய்ச் சேர அரை நாள் ஆகிவிட்டது. நான் மெதுவா, வரைபடம் பொய்யா?

இரண்டும் இல்லை. நடுவில் ஒரு ஓடை இருந்திருக்கும். சதுப்பில் ஓடை நேராகவே போகாது, சுற்றிச் சுற்றி வளையும். அது தொடங்கும் இடம்வரை போய்ச் சுற்றித் திரும்ப வேண்டும். தாண்டிவிடலாம் என்று தோன்றும் அகலத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். தாண்டாதீர்கள், சேறு வழுக்கும் சரிவு இரண்டு பக்கமும் இருக்கிறது. அடுத்த முறை தூரத்தை அளக்காமல் பாலங்களையும் மதகுகளையும் முதலில் குறித்துக்கொண்டு, பிறகு அவற்றை இணைத்துப் பாருங்கள்.

கேள்வி: சேற்றில் கால் புதைந்தால் ஆளையே விழுங்கிவிடுமா? என்ன செருப்பு போடுவது?

விழுங்காது. நீரில் ஊறிய அந்த மணல் குழம்பின் அடர்த்தி மனித உடலைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால் இடுப்பளவுக்கு மேல் ஆள் இறங்குவதில்லை. 2005இல் ‘நேச்சர்’ இதழில் இதைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் காலை இழுப்பதற்குக்கூட ஒரு நடுத்தரக் காரைத் தூக்கும் அளவு விசை வேண்டுமாம். ஆகவே நண்பர்கள் கையைப் பிடித்து இழுத்தால் தோள்தான் கழலும். பின்னால் சாய்ந்து உட்காருங்கள், எடையைப் பரப்புங்கள், காலை மெல்ல மெல்ல அசைத்து இடுக்கில் தண்ணீர் இறங்க விடுங்கள். சேற்றில் மாட்டியவருக்கு ஆபத்து சேறு அல்ல, வந்துகொண்டிருக்கும் ஓதம். பதறாமல் செய்யுங்கள் என்று சொல்வது எளிது, ஆனால் அதற்கு நேரம் வேண்டுமே. நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்பச் சொல்வது அதற்காகத்தான்.

முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் வேண்டாம். தண்ணீர் உள்ளே போனால் கல்லாகிவிடும், சேறு பிடித்துக்கொண்டால் கால் மட்டும் வெளியே வரும். நெதர்லாந்தில் வாடன் கடல் சேற்றுவெளியைக் கடப்பவர்கள் கணுக்காலை மூடும் பழைய துணிக் காலணியை இறுகக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அதுதான் சரி. கையில் ஒரு நீளத் தடி. உமரி போன்ற செடிகள் அடர்ந்த தரை பெரும்பாலும் தாங்கும், பளபளவென்று வெறுமையாகக் கிடக்கும் சேற்றை முதலில் தடியால் குத்திப் பாருங்கள். அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்களை மிதிக்காதீர்கள். மரத்துக்கும் நல்லதில்லை, உள்ளங்காலுக்கும் நல்லதில்லை.

கேள்வி: அழுகின முட்டை நாற்றம் அடிக்கிறதே, சாக்கடை கலக்கிறதா?

கலக்காத இடத்திலும் அடிக்கும். சேற்றின் மேல்தோலுக்குக் கீழே ஆக்சிஜன் இல்லை. அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் கடல்நீரின் சல்பேட்டை வைத்துப் பிழைக்கின்றன, ஹைட்ரஜன் சல்பைடை வெளியே விடுகின்றன. சேறு கறுப்பாக இருப்பது அதிலிருந்து உண்டாகும் இரும்பு சல்பைடால். கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிவிடும். காலுறை பழகாது, தனிப் பையில் போட்டு எடுத்து வாருங்கள்.

கேள்வி: ஓர் ஈரநிலக் கிராமப்புறத்தில் நடந்தபோது பக்கத்து ஆறு என் தலைக்கு மேலே ஓடியது. கண் ஏமாற்றியதா?

இல்லை. வடிகால் வெட்டிக் காயவைத்த கரிச்சதுப்பு நிலமாக இருக்கும். ஊறியிருக்கும்வரை மக்காத பழைய தாவரம், தண்ணீரை எடுத்ததும் சுருங்குகிறது, பிறகு காற்றுப் பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரியமில வாயுவாகப் போய்விடுகிறது. வயல் இறங்கும், கரை கட்டிய ஆறு அதே உயரத்தில் நிற்கும். இங்கிலாந்தின் ஹோம் ஃபென் என்ற இடத்தில் 1850-களின் தொடக்கத்தில் ஓர் இரும்புக் கம்பத்தை நுனி தரைமட்டத்தில் இருக்கும்படி புதைத்தார்கள். இன்று அது தரைக்கு மேல் சுமார் 4 மீட்டர் நிற்கிறது. கம்பம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, நிலம்தான் போய்விட்டது. இதற்காகவே ஒரு நாள் ஒதுக்கிப் போய் நிற்கலாம் என்பேன்.

கேள்வி: பறவை பார்க்கத்தான் போகிறேன். விடியற்காலையா, சாயங்காலமா?

கடிகாரத்தை விடுங்கள். தண்ணீர் வற்றிக் கிடக்கும்போது உள்ளான்களும் மூக்கன்களும் எட்டாத தூரத்தில் புள்ளிகளாக மேயும். ஓதம் ஏற ஏற அவையும் கரையை நோக்கி ஒதுங்கும். உயர் ஓதத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே கரைமேல் ஓரிடத்தில் உட்கார்ந்துகொண்டால் அவையே உங்களிடம் வரும்.

வந்ததும் எழுந்து கிட்டே போய்ப் படம் எடுக்காதீர்கள், இது என் கெஞ்சல். அந்தக் கூட்டம் ஓய்வெடுக்க வந்திருக்கிறது. 2022இல் ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்கும் இறங்காமல் பறந்தது. சேற்றில் தின்று சேர்த்த கொழுப்புதான் அதற்கு எரிபொருள். ஒவ்வொரு முறை நீங்கள் கிளப்பிவிடும்போதும் அதில் கொஞ்சம் வீணாகிறது.

கேள்வி: தனியாக நடக்கிறேன், சலிப்பாக இருக்கிறது. பாட்டுக் கேட்டுக்கொண்டே போகலாமா?

கரைமேல் பாதை என்றால் ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள், மாடுகளும் மிதிவண்டிகளும் பின்னாலிருந்து வரும். சேற்றுவெளியில் வேண்டாம். அங்கே தனியாகவே போகாதீர்கள், வழி தெரிந்த ஒருவரோடு போங்கள். சலிப்புக்கும் அது மருந்து, அப்படிப்பட்டவர்கள் வாயை மூடி நான் பார்த்ததில்லை.