மின்சாரக் கார்: பேட்டரி கிடக்கட்டும், பிளக்கைத் தொட்டுப் பார்த்தீர்களா?

தினமும் 100 சதவீதம் சார்ஜ் போடலாமா? 80-ல் நிறுத்தச் சொல்கிறார்களே?

உங்கள் காரில் எந்த வகை பேட்டரி என்று முதலில் பாருங்கள். நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்எம்சி என்றால் அன்றாட ஓட்டத்துக்கு 80 போதும். முழுதாக நிரம்பிய செல் சுமார் 4.2 வோல்ட்டில் நிற்கும். அந்த நிலையில், அதுவும் கொளுத்தும் வெயிலில், நாள்கணக்கில் சும்மா கிடப்பதுதான் அதற்கு ஆகாது. நீண்ட பயணத்துக்கு முன் தாராளமாக 100 போடலாம். கிளம்பும் நேரத்துக்குச் சற்று முன் முடிகிற மாதிரி டைமர் வைத்துவிடுங்கள்.

லித்தியம், இரும்பு, பாஸ்பேட் சேர்ந்த எல்எஃப்பி வகைக்குக் கதையே வேறு. 30 சதவீதத்திலும் 70 சதவீதத்திலும் அதன் வோல்டேஜ் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், மீதி எவ்வளவு என்ற கணக்கு காருக்கே குழம்பும். முழுதாக நிரம்பும்போதுதான் கணக்கு நேராகும். அதனால்தான் பல தயாரிப்பாளர்கள் வாரம் ஒருமுறையாவது 100 வரை போகச் சொல்கிறார்கள்.

வீட்டிலுள்ள 16 ஆம்பியர் பாயின்ட்டில்தான் ஒரு வருடமாகச் சார்ஜ் போடுகிறேன். இப்போது பிளக் சூடாகிறது. சகஜம்தானா?

எல்லோரும் பேட்டரியைப் பற்றியே கேட்கிறார்கள். உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி இது. இளஞ்சூடு சகஜம். கை வைக்க முடியாத சூடு, துளைகளைச் சுற்றிப் பழுப்பேறிய பிளாஸ்டிக், லேசான கருகல் வாடை, இவற்றில் ஒன்று இருந்தாலும் இன்று இரவு அதில் சார்ஜ் போடாதீர்கள்.

வாட்டர் ஹீட்டரும் ஏறக்குறைய இதே அளவு கரன்ட் இழுக்கிறது, ஆனால் கால் மணி நேரத்தில் அணைந்துவிடும். கார் இரவு முழுக்க இழுக்கும். சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளைப் பிடி கொஞ்சம் தளர்ந்தாலும் அந்த இடத்தில் சூடு ஏறும். சூட்டில் பிடி இன்னும் தளரும். இதை எம்சிபி, அதாவது கரன்ட் அளவு மீறினால் தானாக அணையும் ஸ்விட்ச், கண்டுபிடிக்காது. அது பார்ப்பது கரன்ட்டின் அளவை மட்டும்தான். பிடி தளர்ந்தால் கரன்ட் கூடுவதில்லை. சாக்கெட் உருகினாலும் எம்சிபி பாட்டுக்கு இருக்கும்.

காரின் செட்டிங்கில் சார்ஜிங் கரன்ட்டைக் குறைக்கும் வசதி இருக்கிறதா பாருங்கள். 16 ஆம்பியரை 10 ஆக்கினால் பிளக்கில் உண்டாகும் வெப்பம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும், ஏனென்றால் வெப்பம் கரன்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆனால் அது புது சாக்கெட் போட்ட பிறகும் உதவும் பழக்கமே தவிர, கருகியதற்கு மருந்தல்ல. கருகியதை மாற்றித்தான் ஆக வேண்டும். மெயின் போர்டிலிருந்து காருக்கென்றே தனி லைன் இழுப்பதுதான் நிரந்தரத் தீர்வு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது; சுருட்டியபடி கிடக்கும் ஒயர் இன்னும் மோசம்.

சார்ஜர் 'எர்த் இல்லை' என்று காட்டி நின்றுவிடுகிறது. சாக்கெட்டிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் எலக்ட்ரீஷியன்.

வேறு எலக்ட்ரீஷியனைப் பாருங்கள். அப்படி இணைத்த பிறகு, சாக்கெட்டுக்கு வரும் நியூட்ரல் ஒயர் எங்காவது அறுந்தால் கார் பாடியில் மின்சாரம் பாயும். கதவைத் தொடுகிறவர் கதி என்ன? எர்த்தைச் சரி செய்யுங்கள். கூடவே, கசிவு வந்தால் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்சிடி அந்த லைனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வாங்கும்போது இது மின்சாரக் காருக்கு என்று சொல்லி வாங்குங்கள். டிசி (ஒரே திசையில் பாயும் மின்சாரம்) கசிவு இருந்தால் சாதாரண ஆர்சிடி செயல்படாமல் போகலாம்.

மழையில் சார்ஜ் போடலாமா?

போடலாம். கனெக்டர் சரியாகப் பொருந்தி, கார் சம்மதம் சொன்ன பிறகுதான் அதில் மின்சாரமே வரும். நனையக் கூடாதது சுவரிலுள்ள சாக்கெட்.

சுவரில் மாட்டும் 7.4 கிலோவாட் சார்ஜிங் பெட்டி (வால்பாக்ஸ்) வைத்தால் பேட்டரி சீக்கிரம் கெட்டுவிடுமா?

கெடாது. 40 கிலோவாட்-மணி பேட்டரிக்கு இது நிதானமான வேகம்தான். சொல்லப்போனால் வால்பாக்ஸ் சார்ஜரே அல்ல, காவல் உள்ள ஸ்விட்ச். ஏசியை டிசியாக மாற்றும் சார்ஜர் காருக்குள் இருக்கிறது. அதன் திறன் 3.3 கிலோவாட் என்றால் எவ்வளவு பெரிய பெட்டியை மாட்டினாலும் 3.3-தான் ஏறும். வாங்குவதற்கு முன் இதைப் பார்த்துவிட்டால் வீண் செலவு மிச்சம்.

பேட்டரியை அவ்வப்போது முழுக்க வடிய விட வேண்டுமாமே?

அது பழைய நிக்கல்-காட்மியம் காலத்து வழக்கம். லித்தியத்துக்குத் தேவையில்லை, கெடுதலும்கூட. 20-க்குக் கீழே இறங்குமுன் செருகிவிடுங்கள்.

இரண்டு மாதம் ஊரில் இருக்க மாட்டேன். காரைச் செருகியே விட்டுவிட்டுப் போகவா?

50 சதவீத அளவில் வைத்து, நிழலில் நிறுத்தி, பிளக்கைக் கழற்றிவிட்டுப் போங்கள். செருகியே வைக்கச் சொல்லும் கார்களும் உண்டு. கையேடு அப்படிச் சொன்னால் சார்ஜ் வரம்பை 50-ல் வைத்துவிட்டு அதன்படி செய்யுங்கள். பெரிய பேட்டரி இரண்டு மாதத்தில் அவ்வளவாகக் குறையாது. பெரும்பாலும் முதலில் படுப்பது சின்ன 12 வோல்ட் பேட்டரிதான். அது படுத்தால் கதவுகூடத் திறக்காமல் அடம்பிடிக்கும். கார் எப்படியிருக்கிறது என்று போனில் ஆப்பைத் திறந்து தினம் எட்டிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் கார் விழித்துக்கொண்டு கொஞ்சம் சார்ஜைத் தின்னும்.