'லண்டன் காலிங்': 5 பவுண்டு இசைத்தட்டுக்கு இன்று எவ்வளவு கொடுக்கலாம்?

கேள்வி: நாங்கள் பிரிட்டனில் வசிக்கிறோம். என் மகனின் பிறந்தநாளுக்கு 'த கிளாஷ்' என்ற பிரிட்டன் பங்க் ராக் குழுவின் 'லண்டன் காலிங்' ஆல்பத்தை இசைத்தட்டாக வாங்கித் தர நினைக்கிறேன். 1979-ஆம் ஆண்டின் முதல் பதிப்பு என்று சொல்லி ஒருவர், கடையில் விற்கும் புதிய பிரதியின் விலையைப் போலப் பல மடங்கு கேட்கிறார். இத்தனை ஆண்டுகள் கழிந்த ஒரு பங்க் ஆல்பத்துக்கு அவ்வளவு கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஆல்பத்தின் தகுதியில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் இதை உருவாக்கியவர்களே விலை விஷயத்தில் வாங்குபவரின் பக்கம் நின்று தங்கள் நிறுவனத்தோடு வாதாடியவர்கள் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு பேரத்தில் இறங்குங்கள்.

'லண்டன் காலிங்' 1979 டிசம்பர் 14 அன்று பிரிட்டனில் சிபிஎஸ் இசை நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. இரட்டை இசைத்தட்டாக வெளியிட்டு ஒற்றைத் தட்டின் விலைக்கே விற்க வேண்டும் என்று குழுவினர் கேட்டபோது நிறுவனம் சம்மதிக்கவில்லை. ஒரு தட்டோடு 12 அங்குல சிங்கிள் ஒன்றை இலவசமாக வைக்கலாம் என்ற அளவுக்கே இறங்கி வந்தது. அந்த இலவசத் தட்டு, முழு ஆல்பங்களைப் போல நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற மெதுவான வேகத்தில் ஓடட்டும் என்று அனுமதி பெற்றுக்கொண்ட குழுவினர், ஓரிரு பாடல்கள் வர வேண்டிய இடத்தில் ஒன்பது பாடல்களைச் சேர்த்து அதை முழு ஆல்பமாகவே ஆக்கிவிட்டார்கள். இப்படித்தான் 19 பாடல்கள் கொண்ட, ஏறத்தாழ 65 நிமிடம் ஓடும் இரட்டைத் தட்டு சுமார் 5 பவுண்டுக்குக் கடைக்கு வந்தது. அடுத்த ஆண்டு வந்த 'சாண்டினிஸ்டா!' மூன்று தட்டுகளும் 36 பாடல்களும் கொண்டது. அதையும் குறைந்த விலையில் விற்பதற்காகத் தங்களுக்கு வர வேண்டிய உரிமத்தொகையில் ஒரு பகுதியையே அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். ரசிகனின் சட்டைப்பையை இவ்வளவு மதித்த குழு ராக் இசையில் அரிது. அவர்களுடைய தட்டைச் சேகரிப்பாளர் விலைக்கு வாங்கித்தான் ரசிக்க வேண்டும் என்று எவரும் உங்களை நம்பவைக்க இடம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பங்க் என்றாலே இரைச்சலும் கோபமும்தான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் இன்றுவரை ஏன் கொண்டாடுகிறார்கள்?

பதில்: பங்க் இசை தனக்குத்தானே போட்டுக்கொண்டிருந்த வேலியை இந்த ஆல்பம் தாண்டியதுதான் காரணம். 1977-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் வேகமும் சீற்றமுமாக இருந்தது. அதே பாணியில் இன்னொன்று செய்திருந்தால் இன்று அதை வரலாற்று மாணவர்கள் மட்டுமே கேட்டுக்கொண்டிருப்பார்கள். 1979 கோடையில் லண்டனின் பிம்லிகோ பகுதியில் வனில்லா என்ற ஒத்திகைக் கூடத்தில் நாள்தோறும் கூடி, ராக்கபிலி, ரெகே, ஸ்கா, ஜாஸ், ஆர் அண்ட் பி என்று தாங்கள் விரும்பிய இசை வகைகள் எல்லாவற்றையும் வாசித்துப் பழகிய பிறகே, ஹைபரியில் இருந்த வெசெக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் அவர்கள் நுழைந்தார்கள். தயாரிப்பாளர் கை ஸ்டீவன்ஸ், வாசிப்பவர்களுக்கு உற்சாகம் ஏற்ற வேண்டும் என்பதற்காக நாற்காலிகளைத் தூக்கி எறிந்தவர். அந்தப் பதற்றத்துக்கு நடுவில் ஒலியைத் தெளிவாகப் பிடித்துத் தந்தவர் ஒலிப்பொறியாளர் பில் பிரைஸ். எந்தப் பாணிக்குத் தாவினாலும் தாளம் தடுமாறாமல் காத்த டிரம்மர் டாப்பர் ஹெடன் இல்லையென்றால் இந்த ஆல்பமே இல்லை என்பேன்.

தலைப்புப் பாடலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். போர்க்கால பிபிசி வானொலி உலகத்துக்குத் தன்னை அறிவித்த சொற்களில் தொடங்கி, அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்டு அணு உலையில் 1979 மார்ச்சில் நேர்ந்த விபத்தின் அச்சம், தேம்ஸ் நதி பெருகி நகரை மூழ்கடிக்கும் என்ற கவலை என ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போகிறது. பாடல் தேய்ந்து முடியும் இடத்தில் ஒலியைக் கூட்டிக் கேளுங்கள்: குழுவின் கிதார் கலைஞர் மிக் ஜோன்ஸ், கிதாரின் ஒலியைப் பிடிக்கும் பிக்கப்பின் விசையைத் தட்டித் தட்டி மோர்ஸ் குறியீட்டில் அபாய அழைப்பை அனுப்புவது கேட்கும். ஆற்று வெள்ளமும் ஆற்றல் நெருக்கடியும் இன்றும் தலைப்புச் செய்திகளாக இருப்பதால், இதைப் புதிதாகக் கேட்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு விளக்கவுரை தேவைப்படாது.

நுகர்வோர் பக்கத்தில் எழுதுவதால் 'லாஸ்ட் இன் த சூப்பர்மார்க்கெட்' பாடலைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குழுவின் பாடகர் ஜோ ஸ்ட்ரமர், தன் நண்பர் ஜோன்ஸின் இளமையை மனத்தில் வைத்து எழுதி அவரையே பாடவைத்த பாடல் அது. சலுகை விலையைத் தேடிக் கடைக்குள் போனவன், பொருள்களுக்கு நடுவே தன்னையே தொலைத்துவிட்டு நிற்பதை அவ்வளவு மென்மையாகச் சொல்கிறது. கோபத்தை மட்டும் எதிர்பார்த்து வருபவர்கள் அந்த இடத்தில் வாயடைத்துப் போவார்கள்.

கேள்வி: விற்பவர் முதல் பதிப்பு என்று சொல்வது உண்மைதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய தட்டு வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பிரிட்டனின் முதல் பதிப்பில் பட்டியல் எண் 'கிளாஷ் 3' என்று இருக்கும். விரித்துத் திறக்கும் வகையாக இல்லாமல் சாதாரண ஒற்றை உறையாக இருக்கும். அதற்குள் பாடல் வரிகள் அச்சிட்ட இரண்டு உள்ளுறைகள் இருக்க வேண்டும். அவை காணாமற்போன பிரதிகள் ஏராளம். உள்ளுறை இல்லையென்றால் விலை கணிசமாகக் குறைய வேண்டும். கடைசிப் பாடலான 'ட்ரெயின் இன் வெயின்' உறையின் பட்டியலில் இருக்காது. ஒரு இசை வார இதழோடு இலவசமாகத் தருவதற்கென்று பதிவுசெய்த அந்தப் பாடல், அந்த ஏற்பாடு கைகூடாததால் கடைசி நேரத்தில் ஆல்பத்தில் சேர்க்கப்பட்டது. அதற்குள் உறை தயாராகிவிட்டிருந்ததால், நான்காம் பக்கத்தில் பாடல் முடிந்து ஊசி உள்நோக்கி ஓடும் வெற்றுப் பகுதியில் அதன் பெயரைக் கீறிவைத்தார்கள். தட்டை விளக்கின் கீழ் சாய்த்துப் பிடித்தால் அந்தக் கீறல் எழுத்துகளைப் பார்க்கலாம்.

அதே வெளிச்சத்தில் தட்டின் பரப்பையும் பாருங்கள். முடி போன்ற மெல்லிய கீறல்கள் பெரும்பாலும் காதுக்குத் தெரியாது. நகத்தை மெதுவாக ஓட்டும்போது தடுக்கும் கீறல் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டக்' ஒலியைத் தரும். தர வரிசையில் ஏமாறுபவர்கள் பலர்: பழைய தட்டுச் சந்தையில் 'குட்' என்று குறித்திருந்தால் அது மோசமாகத் தேய்ந்த பிரதி. கேட்டு ரசிக்க 'எக்ஸலென்ட்' அல்லது அதற்கு மேல் வேண்டும். பரிசு என்பதால் சொல்கிறேன், 1980-களில் அச்சான பிந்தைய பிரதி சுத்தமாகக் கிடைத்தால், தேய்ந்த முதல் பதிப்பைவிட அதுவே மேல். நான்கு பக்கங்களிலும் சராசரியாகப் 16 நிமிடமே இருப்பதால் வரித்தடங்களுக்குத் தாராளமாக இடம் கிடைத்திருக்கிறது. நல்ல பிரதி எதுவாயினும் கணீரென்றே ஒலிக்கும்.

கேள்வி: குறுந்தட்டு போதாதா?

பதில்: கேட்பதற்கு மட்டும் என்றால் தாராளமாகப் போதும். 19 பாடல்களும் ஒரே குறுந்தட்டில் அடங்கிவிடுகின்றன, விலையும் மலிவு. 2004-ஆம் ஆண்டின் 25-ஆம் ஆண்டு நிறைவுப் பதிப்பில் வனில்லா ஒத்திகைப் பதிவுகளும் சேர்ந்திருப்பதால், பாடல்கள் உருவான விதத்தை அறிய விரும்பும் பிள்ளைக்கு அதுவும் பொருத்தமே. ஆனாலும் 1979 செப்டம்பரில் நியூயார்க் பல்லேடியம் அரங்கில் குழுவின் பால் சிமனன் தன் பேஸ் கிதாரைத் தரையில் ஓங்கி அடிப்பதைக் காட்டும், புகைப்படக் கலைஞர் பென்னி ஸ்மித் எடுத்த உறைப் படத்தைக் குறுந்தட்டு அளவில் பார்ப்பதற்கும் 12 அங்குலச் சதுரத்தில் பார்ப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. படம் தெளிவில்லை என்று எடுத்தவரே தயங்கியபோதும் குழுவினர் அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். எல்விஸ் பிரெஸ்லியின் 1956-ஆம் ஆண்டு ஆல்பத்தின் இளஞ்சிவப்பு, பச்சை எழுத்துகளை ஓவியர் ரே லோரி அதன்மேல் வேண்டுமென்றே அமைத்தார். 2010-இல் பிரிட்டன் அஞ்சல்தலையிலும் இடம்பெற்ற உறை அது.

கேள்வி: இணையத்தில் வாங்கிய தட்டு வளைந்தோ கீறலோடோ வந்தால் திருப்பித் தரலாமா?

பதில்: வணிகரிடம் வாங்கியிருந்தால் தரலாம். 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டப்படி, குறையுள்ள பொருளை 30 நாள்களுக்குள் நிராகரித்து முழுப்பணத்தையும் திரும்பப் பெறலாம். பழைய பொருளுக்கும் இது பொருந்தும், ஆனால் விலையையும் விவரிப்பையும் வைத்தே குறை தீர்மானிக்கப்படும். மனம் மாறியதற்காகத் திருப்புவது வேறு. இணைய வணிகத்தில் அதற்குப் பொருள் கைக்கு வந்தபின் 14 நாள் அவகாசம் உண்டு என்றாலும், முத்திரையிட்டு வந்த ஒலித்தட்டின் உறையைப் பிரித்தவுடன் அந்த உரிமை போய்விடுகிறது. ஆகவே மகனுக்கு உண்மையில் எந்தப் பதிப்பு வேண்டும் என்பது தெரியும்வரை பிளாஸ்டிக் உறையைக் கிழிக்க வேண்டாம். பிரித்த பிறகு தட்டு பழுதென்று தெரிந்தால் 30 நாள் உரிமை அப்படியே இருக்கும்.

தனிநபரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பில் பெரும்பகுதி கிடையாது. விவரித்தபடி பொருள் இருக்க வேண்டும் என்பதை மட்டுமே நீங்கள் கேட்க முடியும். எனவே விளம்பரத்தின் படங்களையும் வாசகத்தையும் சேமித்துவையுங்கள். 100 பவுண்டுக்கு மேல் விலையுள்ள பிரதியை வணிகரிடம் வாங்கியே தீருவது என்றால், அவருக்கு நேரடியாகக் கடன் அட்டையில் செலுத்துங்கள்: 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆவது பிரிவுப்படி அட்டை நிறுவனமும் பொறுப்பேற்கும். இடையில் வேறொரு கட்டணச் சேவை புகுந்தால் அந்தப் பொறுப்பு அறுந்துபோகக்கூடும் என்பதால், பணம் கட்டும் முன்பே அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.