பரணில் கிடந்த ரைஃபிள்

கேள்வி: பெரிய பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர் என் தாத்தா. அவருடைய வீட்டுப் பரணை ஒழித்தபோது சாக்கில் சுற்றிய வெள்ளைக்காரன் காலத்து ரைஃபிள் ஒன்று கிடைத்தது, லீ என்ஃபீல்ட் என்கிறார்கள். முழுக்கத் துரு. சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்துச் சுவரில் மாட்டலாமா?
– வாசகர், ஹட்டன்

பதில்: வேண்டவே வேண்டாம். உள்ளே குண்டு இருக்கிறது என்றே நினைத்துக்கொள்ளுங்கள், இறுகிப்போன போல்ட்டை (குண்டை ஏற்ற இழுக்கும் இரும்புத் தண்டு) இழுத்துப் பார்க்காதீர்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். பொலிஸுக்கோ கிராம உத்தியோகத்தருக்கோ இன்றே சொல்லுங்கள், ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறாமல் அவர்களையே வீட்டுக்கு வரச்சொல்லுங்கள். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். தாத்தா வைத்திருந்தது, துருப்பிடித்தது, சுடாது என்றெல்லாம் சொல்லித் தப்ப முடியாது.

அவர்கள் வருவதற்குள் அசைக்காமல் படம் எடுத்து வையுங்கள். போல்ட் கைப்பிடிக்குக் கீழே, மரம் மெலிகிற இடத்தில் ஒரு இரும்புப் பட்டை இருக்கும். கிரீடம், தயாரித்த தொழிற்சாலை, ஆண்டு எல்லாம் அதில்தான். தோளில் வைக்கும் பின்கட்டையின் வலப்பக்கத்தில் வட்டமான பித்தளைத் தகடு இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள், எந்தப் படைப்பிரிவு என்று அதில் குத்தியிருப்பார்கள். சி.பி.ஆர்.சி. என்று தெரிந்தால் அது தோட்டத் துரைமார் சேர்ந்த படையான சிலோன் பிளான்டர்ஸ் ரைஃபிள் கோர்ப்ஸ். கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அந்தப் படை 1914 ஒக்டோபரில் கப்பலேறி எகிப்துக்கும், அடுத்த வருஷம் கலிப்பொலிக்கும் போனது, 1949இல் கலைக்கப்பட்டது. நம் மலையில் யார் கையில் எந்தத் துப்பாக்கி இருந்தது என்று சொல்ல அந்த நாலு எழுத்தைத் தவிர வேறு சாட்சி இருக்காது, சாண்ட் பேப்பர் முதலில் தின்பது அதைத்தான்.

அனுமதி கிடைத்தாலும் சரி, நூதனசாலைக்குப் போனாலும் சரி, பராமரிப்பு ஒன்றுதான். எண்ணெய் தடவி ஊறவிட்டு, மிக நுண்ணிய இரும்புப் பஞ்சால் மெதுவாகத் துருவை மட்டும் எடுக்கவேண்டும். அடியில் இருக்கும் கருநிறம் அப்படியே நிற்கட்டும். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெயைக் கொஞ்சமாக எடுத்து உள்ளங்கையால் தேய்த்தால் போதும். வார்னிஷ் மேலே தோலாகப் படிந்து, நம்முடைய பனியிலும் மழையிலும் வெடித்து, ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். இன்னொன்று, ஆளிவிதை எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பற்றும், விரித்துக் காயப்போடுங்கள்.

கேள்வி: கவ்வாத்துக் கத்திகளோடு ஒரு நீளமான பயனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) கிடந்தது. 1907 என்று அடித்திருக்கிறது. அந்த வருஷத்தில் செய்ததா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: இல்லை, பலரும் இதில்தான் ஏமாறுகிறார்கள். 1907 என்பது அந்த வகைப் பயனெட் அங்கீகரிக்கப்பட்ட ஆண்டு, கத்தி அலகு 17 அங்குலம் இருக்கும். செய்த தேதி அதற்குக் கீழே சின்னதாக இருக்கும்: 10, 16 என்று இருந்தால் 1916 ஒக்டோபர். கிரீடத்துக்குக் கீழே ஜி.ஆர். என்றிருந்தால் ஐந்தாம் ஜோர்ஜ் காலம், ஈ.ஆர். என்றிருந்தால் அதற்கு முந்திய எட்வர்ட் காலம். மறுபக்கத்து எக்ஸ் அடையாளத்தைக் கீறல் என்று நினைத்துத் தேய்த்துவிடாதீர்கள், அலகை வளைத்துச் சோதித்ததற்கான முத்திரை அது. தோல் உறை இருந்தால் கத்தியை அதற்குள் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து அலகை அரித்துவிடும். பொலிஸிடம் இதையும் காட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது.

கைப்பிடிக்கு முன்னால் கொக்கி போல வளைந்த கம்பி இருக்கிறதா பாருங்கள். 1913இல் அதை விட்டுவிட்டார்கள், பழையவற்றிலும் பெரும்பாலும் அறுத்தெடுத்துவிட்டார்கள். உங்களுடையதில் அது மிச்சமிருந்தால், எதையும் தொடாமல் ஒரு படம் அனுப்புங்கள்.