முதுகுத்தண்டில் ஸ்டீராய்டு ஊசி: போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 58. இடுப்பில் தொடங்கி இடது கெண்டைச்சதை வரை இறங்கும் வலி இரண்டு ஆண்டுகளாக இருக்கிறது. டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதாக எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரிந்தது. மாத்திரைகள் கைகொடுக்காததால் முதுகுத்தண்டில் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்கிறார் மருத்துவர். அதனால் கால் விளங்காமல் போய்விடும் என்று உறவினர் ஒருவர் பயமுறுத்துகிறார். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. இதயத்துக்காக, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும் சாப்பிடுகிறேன். என்ன முடிவெடுப்பது?

பதில்: உங்கள் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது, வலி கெண்டைச்சதை வரை இறங்குகிறது என்ற விவரம்தான். எங்கே வலிக்கிறது என்று கேட்டால், சிலர் உள்ளங்கையை இடுப்பின் குறுக்கே அகலமாக வைத்துக் காட்டுவார்கள்; வேறு சிலர் ஒற்றை விரலால் புட்டத்திலிருந்து தொடையின் பின்புறமாகக் கால் வரை கோடு இழுப்பார்கள். அந்தக் கோடு பெரும்பாலும் ஒரு நரம்பின் பாதை. உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும், முதுகுத்தண்டில் போடும் இந்த ‘எபிடியூரல்’ ஊசியால் ஓரளவு பலன் கிடைப்பது இந்த இரண்டாம் வகையினருக்குத்தான். இடுப்போடு நின்றுவிடும் வலிக்கு அதைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை.

ஊசி மருந்து பிதுங்கிய டிஸ்க்கை உள்ளே தள்ளுவதில்லை. நரம்பு வேரைச் சுற்றியுள்ள அழற்சியைத் தணிக்கிறது, அவ்வளவே. ஆகவே கிடைக்கும் நிவாரணம் பொதுவாக மிதமானது. சில வாரங்கள், மிஞ்சினால் மூன்று மாதங்கள் வரை நீடிக்கும். அதுவும் அண்மையில் தொடங்கிய கடும் கால்வலிக்கே கூடுதலாகப் பொருந்தும். உங்களைப் போல் வலி நாட்பட்டுவிட்டவர்களைப் பற்றி மருத்துவ உலகமே ஒரே குரலில் பேசவில்லை. 2025-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான வழிகாட்டுதல், மூன்று மாதங்களைத் தாண்டிய முதுகுத்தண்டு வலிக்கு இந்த ஊசிகள் வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னது; அதே ஆண்டு அமெரிக்க நரம்பியல் அகாடமி, நரம்பு வேர் வலியில் குறுகிய காலத்துக்குச் சிறிதளவு பலன் உண்டு என்றது. உங்கள் மருத்துவர் ஊசியைப் பரிந்துரைப்பதைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நிரந்தரத் தீர்வு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உறவினரின் பயத்துக்கு அடிப்படையே இல்லை என்றும் சொல்ல முடியாது. பார்வையிழப்பு, பக்கவாதம், கால்கள் செயலிழத்தல், மரணம் ஆகியவை அரிதாக நேர்ந்திருப்பதாக அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2014-இல் எச்சரித்தது. மெத்தில்பிரெட்னிசலோன், டிரையாம்சினலோன் போன்ற மருந்துகளில் நுண்துகள்கள் இருக்கின்றன. ஊசி தவறுதலாகத் தண்டுவடத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் சிறு தமனிக்குள் நுழைந்துவிட்டால், அத்துகள்கள் அதை அடைத்துவிடலாம். கழுத்துப் பகுதியில் இந்த ஆபத்து கூடுதல். டெக்ஸாமெத்தசோனில் துகள்கள் இல்லை. எனவே எந்த மருந்தைப் போடப் போகிறார்கள், எக்ஸ்ரே திரையில் ஊசிமுனையைப் பார்த்தபடி, முதலில் சாயம் செலுத்தி அது பரவும் விதத்தைச் சரிபார்த்த பிறகுதான் மருந்தைச் செலுத்துவார்களா என்பதை நேரடியாகக் கேளுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம். அது உங்கள் முதுகு.

உங்கள் விஷயத்தில் எனக்கு அதைவிடப் பெரிய கவலை அந்த இதய மாத்திரை. தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கசிந்து கட்டினால் கால்கள் செயலிழக்கக்கூடும். அதே சமயம் மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் இதயத்துக்கோ மூளைக்கோ ஆபத்து வரலாம். இதய மருத்துவரும் ஊசி போடுபவரும் கலந்து பேசி நாள் குறிக்காமல் ஊசிக்குச் சம்மதிக்காதீர்கள். ஸ்டீராய்டு சில நாட்களுக்குச் சர்க்கரையை நன்றாகவே ஏற்றிவிடும் என்பதால், அந்த நாட்களில் வீட்டிலேயே அடிக்கடி சோதித்துக்கொள்ளுங்கள்.

ஊசிக்குப் பிறகு காய்ச்சல், கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, காலில் புதிய பலவீனம் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஊசி போட்டாலும் போடாவிட்டாலும், சிறுநீர், மலம் கட்டுப்பாட்டை இழப்பதும் தொடையிடுக்கு மரத்துப்போவதும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்.

வலி தணிந்தால், அந்த வாரங்களை ஓய்வில் கழித்துவிடாமல், பிசியோதெரபிஸ்ட் உதவியுடன் நடையையும் முதுகுத் தசைப் பயிற்சிகளையும் தொடங்குங்கள். வலியால் இதுவரை செய்ய முடியாமலிருந்த பயிற்சிக்கு வழிவிடுவதைத்தான் இந்த ஊசியின் முதன்மையான பயனாக நான் கருதுகிறேன்.

கேள்வி: மூன்று ஊசிகள் கொண்ட தொடராகப் போட்டால்தான் முழுப் பலன் கிடைக்குமா?

பதில்: அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஸ்டீராய்டைத் திரும்பத் திரும்பச் செலுத்துவது எலும்பின் அடர்த்தியையும் அட்ரீனல் சுரப்பியின் இயல்பான சுரப்பையும் பாதிக்கலாம். முதல் ஊசி எந்தப் பலனும் தரவில்லையென்றால், அடுத்ததற்கு நாள் குறிக்கும் முன், வலி உண்மையில் அந்த நரம்பிலிருந்துதான் வருகிறதா என்பதை மருத்துவர் மறுபடி ஆராய வேண்டும்.