செம்மரக் கட்டை பாதி விலைக்கு வருகிறதாம், வாங்கலாமா?

அண்ணே, பட்டர்வொர்த் லோரிக்காரர் பூசை மாடத்துக்குச் செம்மரக் கட்டை பாதி விலைக்குத் தருகிறார், தாள் எதுவும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். வாங்காதீர்கள். அது நம் மலேசியக் காட்டு மரம் இல்லை. ஆந்திராவின் சேஷாசலம் பக்கத்து மலைகளில்தான் இயற்கையாக வளர்கிறது. 1995 முதலே சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் இருக்கிறது. பெர்மிட் இல்லாமல் கப்பலேறி வந்ததை வீட்டில் வைத்திருப்பதே மலேசியாவின் 2008ஆம் ஆண்டு அருகிவரும் உயிரின வணிகச் சட்டப்படி குற்றம்.

அப்புறம், அது அசலா என்பதும் சந்தேகம்தான். சின்னத் துண்டைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்: வைரம் பாய்ந்த செம்மரம் பெரும்பாலும் மூழ்கிவிடும், சாயம் பூசிய லேசான கட்டை மிதக்கும். மூழ்கினாலும் வாங்க வேண்டாம், அது வேறு கதை!

எங்கள் வீட்டு மாடம் செங்கால் (chengal) என்ற மலேசியக் கடின மரம். செதுக்கும்போது உளி மழுங்குகிறதென்று ஆசாரி முனகிக்கொண்டே இருந்தார். இன்றுவரை கறையான் தொடவில்லை.