இரண்டாம் உலகப் போரில் இழுவைக் கப்பலாக இருந்த ஜூனி, பிறகு என்ன ஆனது?

ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் கட்டப்பட்டு, 1943 அக்டோபரில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த ஜூனி, 62 மீட்டர் நீளமே உள்ள தொலைகடல் இழுவைக் கப்பல். 1944 நவம்பரில் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோ தாக்கிச் செயலிழந்த ரீனோ என்ற போர்க்கப்பலை, பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கேயிருந்து சுமார் 1500 மைல் இழுத்து மேற்குப் பசிபிக்கிலுள்ள உலித்தித் தீவுக்குக் கொண்டுசேர்த்ததே அதன் போர்க்காலப் பணிகளில் முதன்மையானது என்பேன். தன்னைவிடப் பலமடங்கு கனமான, பாதி நீர் புகுந்த கப்பலை இழுக்கும்போது வேகத்தைவிட வடம் அறாமல் காப்பதே பெரும்பாடு. போர்க்கப்பல்களுக்குக் கிடைத்த புகழில் சிறுபங்குகூட இத்தகைய கப்பல்களுக்குக் கிடைக்கவில்லை.

ஜூனி 1946இல் அமெரிக்கக் கடலோரக் காவற்படைக்கு மாற்றப்பட்டு, டாமரோவா என்ற புதுப்பெயர் பெற்றது. 1991 அக்டோபர் இறுதியில் அட்லாண்டிக்கில் வீசிய கடும்புயலில், வானிலேயே எரிபொருள் நிரப்ப முடியாமல் கடலில் இறங்கிய தேசியக் காவற்படை ஹெலிகாப்டரின் ஐவரில் நால்வரை, பேரலைகளுக்கு நடுவே இரவில் தேடி மீட்டது, ஐந்தாமவர் கிடைக்கவேயில்லை. அப்போது கப்பலுக்கு வயது 48. 1994இல் ஓய்வுபெற்றது. அருங்காட்சியகமாக்கும் முயற்சி கைகூடாததால், 2017 மே மாதம் நியூஜெர்சியின் கேப் மே முனைக்கு அப்பால், மீன்களுக்கு உறைவிடமாகும் செயற்கைப் பவளத்திட்டாகப் பயன்படும்படி மூழ்கடிக்கப்பட்டது.